ஹர்த்தால் நாளில் வளர்ந்த பெட்ரோல்

கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாசம் அடிக்கிறது என்று ரோசிலி இரண்டு கோடைக்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பூவமுக்கில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுகதனின் மீசை எரிந்த பிறகுதான் நம்பினார்கள். ஒரு பெண்பிள்ளையின் நாக்கைவிட ஓர் ஆண்பிள்ளையின் மீசைக்கு அந்த ஊரில் மதிப்பு கூடுதல்.

சுகதன் கிணறு தூர்வாருகிறவன். மேட மாசத்தில், மழைக்கு முன்னால், எல்லா வீட்டிலும் கிணற்றை இறைத்துச் சேறு வாருவது வழக்கம். இறங்குவதற்கு முன் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி வாளியில் வைத்துக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவான். வத்தி அணைந்தால் அடியில் மூச்சுக்குக் காற்றில்லை என்று அர்த்தம். எரிந்தால் இறங்கலாம். அவனுடைய முப்பது வருஷத் தொழிலில் வத்தி அவனை ஏமாற்றியதே இல்லை. வரீதின் வீட்டுக் கிணற்றில் அன்றைக்கு வத்தி அணையவும் இல்லை. பாதி தூரம் போவதற்குள் குப்பென்று ஒரு சத்தம் கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து ஆள் உயரத்துக்குத் தீ எழும்பி, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சுகதனின் புருவத்தையும் மீசையையும் வழித்துக்கொண்டு போயிற்று. பக்கத்து நேந்திர வாழையில் இரண்டு இலை கருகியது.

சுகதன் தரையில் உட்கார்ந்து முகத்தைத் தடவிப் பார்த்தான்.

"காத்து இருக்கான்னு பார்த்தேன் வரீதுசேட்டா," என்றான். "கொஞ்சம் அதிகமாவே இருக்கு."

ரோசிலி புருஷன் வரீதின் பக்கம் திரும்பினாள்.

"இப்ப என்ன சொல்றீங்க மனுஷா? என் நாக்குதான் பொய். இவன் மீசையும் பொய்யா?"

"வெயில் குடிச்சது போக நம்ம டாங்கிலே ஒரு சொட்டு குறையலை ரோசிலி. இது வேற எங்கிருந்தோ வருது."

"எங்கிருந்தோன்னா? அரேபியாவிலிருந்தா? உங்க பம்பு அதோ, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கு."

வரீது அவராச்சன் முதலாளியின் பெட்ரோல் பம்பில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறவர். வீடு பம்புக்குப் பின்னாலேயே, சரிவில் பத்தடி கீழே. காலை ஆறு மணிக்கும் ராத்திரி கடை அடைக்கும்போதும் மண்ணுக்குள் புதைந்திருக்கும் டாங்கின் மூடியைத் திறந்து, அளவுகோலை அடித்தரை தொடுகிற மட்டும் விட்டு எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். மற்ற பம்புகளில் பல நாள் கோலை இறக்காமலே குத்துமதிப்பாக எழுதுவார்கள். வரீது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மில்லிமீட்டர் கணக்கில் எழுதுவார். கோடையில் கொஞ்சம் குறையும். பெட்ரோல் ஆவியாகிற சரக்கு. அந்தக் குறைவுக்குச் சட்டத்திலேயே இடமுண்டு. "வெயில் குடிச்சது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அவர் நேர்மையைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு கிடையாது. அவருக்கே அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. பாதிரியார் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டால்கூட, தான் எழுதியதில் ஒரு மில்லிமீட்டர் தப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

மீசைக்கு மறுநாள் ரோசிலி மனு எழுதினாள். பம்பு வேலைக்காரனின் பெண்டாட்டியே பம்பின் மேல் மனு கொடுத்திருக்கிறாள் என்று தேநீர்க்கடையில் அன்று பரிப்புவடை கூடுதலாக விற்றது.

ஒரு வாரத்தில் நிலத்தடி நீர் அலுவலகத்திலிருந்து பிரசீதா மேடம் வந்தார். ஒல்லியான பெண், தோளில் துணிப்பை, பைக்குள் அளவு நாடா, கயிறு கட்டிய ஒரு கண்ணாடிக் குழாய். குழாயை மெல்லக் கிணற்றில் இறக்கி எடுத்தார். தண்ணீருக்கு மேலே ஒரு விரற்கடைக்கு வேறொரு நிறம் மிதந்தது.

"இது எத்தனை நாளா?" என்றார்.

"ரெண்டு வருஷமாச் சொல்றேன் மேடம்," என்றாள் ரோசிலி. "பம்பு பக்கத்திலே இருந்தா வாசம் அடிக்கத்தான் செய்யும்னு இந்த மனுஷன் சொல்வார். துணி துவைச்சா வாசம். சோறு வடிச்சா வாசம். கப்பைக்கிழங்கைக்கூட விடலை."

மேடம் அன்று ஊரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். கெட்டுப்போன கிணற்றுக்காரர்களுக்குப் பஞ்சாயத்து லாரியில் இலவசமாகத் தண்ணீர் வரும். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. மறுநாள் காலையில் பூவமுக்கில் பதினாலு கிணறு கெட்டுப்போயிருந்தது. ஆளுக்கொரு குப்பியோடு வரிசை நின்றார்கள். வரிசையின் முதலில் மேட்டுவீட்டு பேபிச்சன். அவர் வீடு பம்புக்கு மேலே, குன்றின் உச்சியில் இருக்கிறது. பெட்ரோல் குன்று ஏறி வந்திருக்க வேண்டும்.

மேடம் குப்பியைத் திறந்து முகர்ந்தார். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"இதிலே ஆயில் கலந்திருக்கே."

"இருக்கும் மேடம். எல்லாம் கலந்துதான் வருது."

"பம்பு டாங்கிலே இருக்கிற பெட்ரோல்லே ஆயில் இருக்காது. பழைய ஸ்கூட்டருக்குத்தான் கலந்து ஊத்துவாங்க. உங்ககிட்டே ஸ்கூட்டர் இருக்கா?"

பேபிச்சன் ஒரு நிமிஷம் யோசித்தார். "என் கிணறும் பழைய கிணறு மேடம்," என்றார்.

வரிசை கலைந்தது. கடைசியில் தேறியது மூன்றே கிணறு. ஒன்று வரீதின் கிணறு. மற்ற இரண்டும் அதற்குக் கீழே. ஆக, விஷயம் மேலேயிருந்து சரிவில் இறங்கி வருகிறது. மேலே இருப்பது இரண்டு இடம். ஒன்று பம்பு, இன்னொன்று அதை ஒட்டி சசி மேஸ்திரியின் வண்டிப் பட்டறை.

"பட்டறைதான் மேடம், சந்தேகமே வேண்டாம்," என்றார் அவராச்சன் முதலாளி. பெருத்த உடம்பு, வெள்ளை வேட்டி, எந்த நேரமும் நெஞ்சில் ஒரு கை. "சசி தினமும் இரும்புச் சாமானையெல்லாம் பெட்ரோல்லே குளிப்பாட்டறான். குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி. அந்த அழுக்கெல்லாம் மண்ணுக்குள்ளேதானே போகுது? என் டாங்கைப் பத்தி வரீதைக் கேளுங்க. வரீது சொன்னா வேதவாக்கு."

மேடம் பதிவேட்டைப் புரட்டினார். முத்து முத்தான கையெழுத்து. விற்றது, வந்தது, மீந்தது எல்லாம் சரியாக இருந்தது.

"தினமும் ஆயிரக்கணக்கிலே விக்கறீங்க, லோடு வருது. அந்தக் கூட்டத்திலே ஒரு கை போனாக்கூடத் தெரியாது," என்றார். "விக்காம, வாங்காம, டாங்க் சும்மா கிடந்த நாள் இருக்கா? அன்னிக்குக் காலையிலே ஒரு அளவு, ராத்திரி ஒரு அளவு. ரெண்டும் ஒண்ணா இருந்தா டாங்க் நல்ல டாங்க். இல்லேன்னா தோண்டச் சொல்லி எழுதிடுவேன்."

"மேடம் கேரளத்திலேதானே இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார் வரீது. "ஹர்த்தால் இல்லாத மாசம் உண்டா?"

சொன்ன வாயை அவர் அப்போதே மூடியிருக்கலாம். மேடத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஹர்த்தால் என்றால் கடை இல்லை, வண்டி இல்லை, பம்பு இல்லை. ஊர் முழுக்கக் கோழியடித்துத் தின்றுவிட்டுத் தூங்குகிற நாள். டாங்க் அன்று சும்மாதான் கிடக்கும். மேடம் அவசரமாகப் பக்கங்களைத் திருப்பினார். ஹர்த்தால் நாட்களுக்கு நேராகவெல்லாம் 'அடைப்பு' என்று மட்டும் எழுதியிருந்தது.

"அன்னிக்கு அளக்கலையா?"

"ஹர்த்தால் அன்னிக்கு எவன் மேடம் அளப்பான்?" என்று முந்திக்கொண்டார் அவராச்சன்.

வரீது தலையைக் குனிந்துகொண்டார். அளப்பவன் ஒருவன் உண்டு. வீடு பத்தடி தூரத்தில் இருக்க, நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று வேளையும் அளப்பார். பம்பு அடைத்த நாளின் அளவைப் பதிவேட்டில் ஏற்றக்கூடாது என்பதால், வீட்டுச் சமையலறைக் காலண்டரில், அந்தத் தேதிக் கட்டத்திலேயே பென்சிலால் குறிப்பார். பால்காரன் வராத நாள், கேஸ் மாற்றிய நாள், டாங்கின் மட்டம் எல்லாம் ஒரே கட்டத்தில் குடித்தனம் நடத்தின.

அது அவராச்சனுக்கும் தெரியும். மூன்று வருஷம் முன்னால் கர்க்கடக மாசத்து அடைமழையில் ஒரு ஹர்த்தால் வந்தது. காலையில் அளந்ததைவிட ராத்திரி பெட்ரோல் ஒன்பது மில்லிமீட்டர் ஏறியிருந்தது. ஒரு சொட்டு ஊற்றவில்லை, பெட்ரோல் வளர்ந்திருக்கிறது. கோலில் தடவிப் பார்க்கிற பசை ஒன்று உண்டு. அடியில் தண்ணீர் இருந்தால் சிவக்கும். அந்தப் பசை அன்று தீர்ந்துபோயிருந்தது, வாங்கக் கடையும் இல்லை. வரீது ஓடிப்போய்ச் சொன்னார். அவராச்சன் கண் கலங்கி, மழையிலேயே முழங்கால் போட்டார். "கானாவூர்க் கல்யாணத்திலே கர்த்தர் கையாலே தண்ணி திராட்சரசம் ஆச்சு. எனக்கு இது" என்று சர்ச்சிலிருக்கும் கீவர்கீஸ் புண்ணியாளனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டார். மறுநாள் காலையில் பெட்ரோல் போட்ட பதினோரு ஆட்டோவும் முக்கு தாண்டுவதற்குள் நின்றன. உள்ளே இறங்கியிருந்தது மழைத் தண்ணீர். மூடி வழியாக இறங்கியிருக்கும் என்று இறைத்துக் கொட்டினார்கள். அதன் பிறகு மழைக்காலத்தில் பசை சிவந்தபோதெல்லாம் அப்படியே செய்தார்கள். அற்புதம் ஒரு ராத்திரிதான் நீடித்தது. சேவலைப் புண்ணியாளனிடம் திருப்பிக் கேட்க முடியவில்லை.

மேடம் போன அன்று சாயங்காலம் அவராச்சன் ஒரு காகிதத்தோடு வரீதின் வீட்டுக்கு வந்தார்.

"பெருசா ஒண்ணுமில்லே வரீதே. 'பம்பு அடைத்த நாட்களில் நான் டாங்கை அளப்பதில்லை'. அவ்வளவுதான். அடியிலே ஒரு கையெழுத்து."

"முதலாளி, நான் அளக்கறேனே."

"நீ அளக்கறது உனக்கும் கர்த்தருக்கும் தெரியும். மேடத்துக்கு எதுக்கு?" நெஞ்சிலிருந்த கை இன்னும் அழுந்தியது. "தோண்ட ஆரம்பிச்சா பம்பு ஒரு வருஷம் மூடிக் கிடக்கும். உனக்கு இப்ப அம்பத்தெட்டு. வேற எங்கே போவே? நான்தான் எங்கே போவேன்?"

வரீதுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. நாலு வருஷம் முன்னால் பம்பிலேயே வரீது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் இந்த மனுஷன்தான் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு, வழிநெடுக ஜெபம் சொல்லிக்கொண்டே கோட்டயத்துக்கு ஓட்டினார். ஜெபத்துக்காகக் கண்ணை மூடாதீங்க முதலாளி என்று அந்த வலியிலும் வரீது கெஞ்ச வேண்டியிருந்தது. அந்த நன்றி அவருக்குள் அப்படியே இருந்தது. பேனாவை வாங்கிக்கொண்டார்.

அப்போது ரோசிலி இரண்டு கண்ணாடி டம்ளரில் எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இது நம்ம கிணத்துத் தண்ணிதான்," என்றாள். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாலே ஆளுக்கொரு வாய் குடிங்க."

அவராச்சன் தனக்குச் சர்க்கரை வியாதி என்றார். இதில் உப்புதான் போட்டிருக்கிறது என்றாள் ரோசிலி. ரத்தக்கொதிப்பும் உண்டு என்றார் அவராச்சன். அவள் அவரை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"நீங்க?"

வரீது டம்ளரைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"உங்களாலே முடியாது. எனக்குத் தெரியும்," என்றாள் ரோசிலி. அவள் குரல் உயரவேயில்லை. வரீதுக்கு அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டு கோடையா நீங்க இந்த வீட்டிலே ஒரு வாய் தண்ணி குடிக்கலை. தாகம்னா வேலிக்கு அந்தப் பக்கம் போய் ஆபீஸ்லே சோடா குடிச்சிட்டு வர்றீங்க. டாங்கிலே சொட்டு குறையலைன்னு என்கிட்டே சத்தியம் பண்ணிட்டு, வாயைத் துடைச்சிக்கிட்டு வர்றீங்க. நான் குடிச்சேன் மனுஷா. நீங்க சொல்றீங்களேன்னு குடிச்சேன்."

வரீதுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளைப் பொய்க்காரி என்று நினைத்ததில்லை. ஆனால் தன் அளவு தப்பு என்று நினைக்க முடியாமல், அவள் நாக்கைத் தப்பு என்று வைத்துக்கொண்டார். கால் மட்டும் தானாக சோடாவுக்குப் போயிருக்கிறது. அதை அவரே இன்றுதான் கவனிக்கிறார்.

பேனாவை அவராச்சனின் சட்டைப்பையில் திருப்பிச் செருகிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார்.

பழைய காலண்டர்களை ரோசிலி எறிகிற பழக்கமில்லை. வழவழப்பான தாள், அலமாரித் தட்டுக்கு விரிக்க அதைவிட நல்லது கிடையாது. ஆறு வருஷத்து மாசங்களின் மேல் மல்லித் தூளும் மிளகும் குடம்புளியும் சாப்பாட்டரிசியும் உட்கார்ந்திருந்தன. வரீது ஒவ்வொரு டப்பாவாக இறக்கினார். மீன மாசத்தின் மேல் சர்க்கரை டப்பா. கர்க்கடகத்தின் மேல் மாங்காய் ஊறுகாய் ஜாடி. ரோசிலி டப்பாக்களைக் கையில் வாங்கிக் கீழே அடுக்கினாள். வாசலில் அவராச்சன், "வரீதே, வேண்டாம்டா... வரீதே" என்று சொல்லிக்கொண்டே நின்றார். கடைசித் தாளும் உருவப்பட்ட பிறகு, எடுத்துவந்த காகிதத்தைத் தானே நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பிரசீதா மேடம் பஞ்சாயத்து ஆபீஸ் மேஜையில் முப்பத்தொன்பது ஹர்த்தால்களைப் பரப்பி வைத்துப் படித்தார். ஊறுகாய் எண்ணெயில் இரண்டு தேதி மட்டும் தெரியவில்லை. பாக்கியெல்லாம் தெளிவாக இருந்தது. கடந்த மூன்று வருஷத்துக் கோடை ஹர்த்தால் ஒவ்வொன்றிலும், வெயில் குடிச்சது என்று வரீது விட்டுவிட்ட நாலோ ஐந்தோ மில்லிமீட்டர் மட்டம் இறங்கியிருந்தது. மழைக்கால ஹர்த்தால் ஒவ்வொன்றிலும் ஏறியிருந்தது.

"அடியிலே ஓட்டை," என்றார் மேடம். "வெயில் காலத்திலே மண்ணு காஞ்சு கிடக்கும், பெட்ரோல் வெளியே போகும். மழைக் காலத்திலே ஊத்து டாங்குக்கு மேலே ஏறிடும், தண்ணி உள்ளே வரும். சேட்டா, எங்க ஆபீஸ்லே லட்சக்கணக்கிலே மிஷின் வாங்கி வெச்சிருக்கோம். இப்படி ஒரு அளவு நான் பார்த்ததே இல்லை."

வரீதுக்கு அந்தச் சங்கடத்திலும் ஒரு சந்தோஷம் வந்தது உண்மை. வேலை போகப் போகிறது, முதலாளி முகம் திருப்பிக்கொண்டார். ஆனாலும் தன் அளவு தப்பில்லை. பட்டறை சசி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தேநீர்க்கடையில் எழுந்து நின்று இடம் கொடுத்தார்கள். நாலு நாள் வரீது கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார்.

ஐந்தாம் நாள் டாங்கைத் தோண்டி எடுத்தார்கள். ஊரே வேலியைச் சுற்றி நின்றது. கழுவி, காற்றடித்து, கிரேனில் தூக்கி மல்லாத்திப் போட்டார்கள். அவராச்சன் தள்ளி ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தார். டாங்க் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. துரு அதிகமில்லை. சுகதன்தான் முதலில் ஓட்டையைக் கண்டான். அடிப்பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு குழிந்து தேய்ந்து, நடுவில் ஒரு மிளகு நுழைகிற துவாரம்.

"மத்த இடமெல்லாம் கல்லு மாதிரி இருக்கே. இங்கே மட்டும் எப்படி மேடம் தேஞ்சது?" என்று கேட்டார் வரீது.

மேடம் அளவு நாடாவை எடுத்தார். டாங்கின் ஓரத்திலிருந்து மூடி எத்தனை தூரம் என்று அளந்து, அதே தூரத்தை அடிப்பக்கத்தில் பிடித்தார். நாடா துவாரத்தின் மேல் போய் நின்றது. இரண்டாம் தடவையும் பிடித்துப் பார்த்தார்.

"அளவுகோல் வந்து குத்தற இடம் சேட்டா," என்றார், மெதுவாக. "அந்த இடத்திலே தடிச்ச தகடு ஒண்ணு அடிச்சிருக்கணும். டாங்கைப் போட்டவங்க அடிக்காம விட்டுட்டாங்க. அதான் குத்திக் குத்தி..."

"நாளைக்கு ரெண்டு தடவை," என்றான் சுகதன், விரல் மடக்கி. "வருஷத்துக்கு எழுநூத்திச் சொச்சம். இருபத்தாறு வருஷம்... பத்தொன்பதாயிரம் குத்து. ஹர்த்தாலுக்கு மூணு தடவை, அது தனி." பிறகு, என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

குத்துமதிப்பாக எழுதுகிறவன் எவனாவது இந்த வேலையில் இருந்திருந்தால் அந்த டாங்க் இன்னும் இருபது வருஷம் கிடந்திருக்கும். வேலியோரத்தில் முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு பேபிச்சன் சிரித்தார். ஜீப்புக்குள் அவராச்சன் வயிறு குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்புக் கண்ணீர்தானா என்று சொல்ல முடியாது. வரீது மட்டும் குழி விளிம்பில் நின்றபடி நின்றார். தன் கிணற்றைத் தானே கெடுத்து, அதைத் தன் பெண்டாட்டிக்குக் குடிக்கக் கொடுத்து, இல்லை என்று சத்தியமும் செய்த மனுஷன். அழுகை வரும்போலிருந்தது.

ரோசிலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். இந்த ஒரு நாளுக்காக அவள் இரண்டு வருஷமாகக் கத்தியிருக்கிறாள்.

"தண்ணி லாரி வர்ற நேரமாச்சு," என்றாள். "வந்து ஒரு குடத்தைப் பிடிங்க மனுஷா."

முக்கில் லாரி வந்து நின்று, வரிசை மளமளவென்று நகர்ந்தது. வரீதின் முறை வந்தது. குழாயடியில் சதுரமாக ஒரு கருங்கல். அவர் இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்து, குனிந்து, அதைக் கல்லின் மேல் பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்தார். சரியாக உட்கார்ந்ததா என்று மறுபடி குனிந்து பார்த்தார்.

"வேகமா வைங்க சேட்டா! லாரி போயிடும்!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

ரோசிலி திரும்பி அவர்களை முறைத்தாள்.

"கத்தாதீங்கடா," என்றாள். "இருபத்தாறு வருஷம் கழிச்சு இப்பத்தான் அந்த மனுஷன் எதையும் மெதுவா வைக்கப் படிச்சிருக்கார்."